செய்தி அனுப்புவதிலும் நாணயம் வேண்டும்

வியாபாரத்துக்குப் பணம் எப்படி முதலோ, அப்படியே சொல்லும் முதல்தான் என்பதை நம் பெரியவர்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தச் சொல்லில் பெரும்பகுதி இன்று வாயில் இருந்து வருவதில்லை, செல்போனில் இருந்து வருகிறது. துவரம் பருப்பு என்ன விலை என்று கேட்பதில் தொடங்கி, பாக்கி எப்போது வரும் என்று கேட்பது வரை எல்லாம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. வசதி வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வசதி வந்த வேகத்துக்கு மரியாதை கூடவே வரவில்லை. மரியாதைக் குறைவு என்றால் மனவருத்தத்தோடு போய்விடும் என்று நினைக்கக்கூடாது. அதில் சரக்கும் போகிறது, பணமும் போகிறது, பல வருஷ வாடிக்கையும் போகிறது. ஆகவேதான் இதை நமது இதழில் எழுத வேண்டியதாயிற்று.

கார்டு எழுதிய காலம்

நம் நாட்டில் அஞ்சலட்டை 1879-ம் வருஷம் ஜூலை முதல் தேதி அறிமுகமானது. விலை காலணா. நான் கடையில் வேலை பழகிய நாளில் அது 15 பைசா. விருதுநகர் பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் விலை நிலவரம் பத்திரிகையில் வருவதற்கு முன்பே கமிஷன் மண்டிகளில் இருந்து கார்டு வந்துவிடும். மதுரை கீழமாசி வீதியில் இருந்தும் வரும். காரியாபட்டி மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் இருப்பதால் எங்களுக்கு இரண்டு பக்கத்துக் கார்டும் வேண்டும்.

ஒரு கார்டில் என்னென்ன இருக்கும் என்பதை இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். மேலே பிள்ளையார் சுழி, ஊர், தேதி. பிறகு 'ஐயா' என்ற விளி. அடுத்து, 'தங்கள் கடிதம் கிடைத்தது, விபரம் அறிந்தோம்' என்று ஒரு வரி. இந்த ஒரு வரிக்கு உள்ள மதிப்பு பெரியது. நாம் எழுதியது போய்ச் சேர்ந்தது, படிக்கப்பட்டது, புரிந்துகொள்ளப்பட்டது என்ற மூன்றும் அதில் அடங்கிவிடும். அதன்பின் சரக்கின் பெயர், ரகம், மூட்டைக் கணக்கு, விலை, எந்த லாரி சர்வீஸ், எல்.ஆர். நம்பர் எத்தனை என்பது வரிசையாக வரும். கடைசியில் 'இப்படிக்கு' போட்டுக் கையெழுத்து. இவ்வளவும் உள்ளங்கை அகலத்தில் அடங்கும். அது ஏட்டுப் படிப்பில் வந்த பழக்கம் அல்ல. கணக்கப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகியது.

இன்னொரு ஒழுங்கும் இருந்தது. பாக்கி கேட்பதை நல்ல கடைக்காரர் யாரும் கார்டில் எழுதமாட்டார்கள். கார்டைத் தபால்காரரும் படிக்கலாம், பக்கத்துக் கடைக்காரரும் படிக்கலாம். பாக்கி என்றால் இன்லண்ட் லெட்டரில் ஒட்டித்தான் போகும், அல்லது கவரில் போகும். வாங்கியவன் கடன்காரனாக இருக்கலாம், ஆனால் அவனும் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டியவன் என்பது அதில் இருந்த எண்ணம்.

தந்தியும் டிரங்க் காலும்

அவசரத்துக்குத் தந்தி. வார்த்தைக்குக் கணக்குப் பார்த்துக் காசு வாங்குவார்கள். ஆகவே சுருக்கமாக எழுதுவோம். ஆனால் சுருக்கம் வேறு, அரைகுறை வேறு. எத்தனை மூட்டை, என்ன விலை, எப்போது என்பது தந்தியில் விட்டுப்போகாது. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுவிட்டது.

டெலிபோனில் பேசி முடித்த வியாபாரம் ஒன்று சுப்ரீம் கோர்ட் வரை போனது நம் அன்பர்கள் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 1959 ஜூலையில் அகமதாபாத் வியாபாரி ஒருவரும் மகாராஷ்டிரத்தின் காம்காவ் ஊர் எண்ணெய் ஆலைக்காரரும் டிரங்க் காலில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு பேசி முடித்தார்கள். சரக்கு வரவில்லை. 31,150 ரூபாய் கேட்டு அகமதாபாத்தில் வழக்குப் போட்டார் வாங்குபவர். ஒப்பந்தம் எந்த ஊரில் ஏற்பட்டது, எந்த ஊர் கோர்ட் விசாரிக்கலாம் என்பது கேள்வி. 1965-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இதுதான்: விலை கேட்டவர் காதில் 'சம்மதம்' என்ற சொல் எந்த ஊரில் விழுந்ததோ, அந்த ஊரில்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது. அகமதாபாத் கோர்ட்டே விசாரிக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. ஒரு மூட்டைப் பிண்ணாக்குக்குச் சொன்ன 'சரி' என்ற சொல்லுக்கும் சட்டத்தில் இடம் உண்டு என்பதை இதில் இருந்து அறியலாம்.

160 எழுத்தின் கதை

செல்போனில் எஸ்.எம்.எஸ். வந்தபோது 160 எழுத்துக்கு மேல் போகாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1985-ல் ஜெர்மனியில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற என்ஜினியர் மனதில் தோன்றிய வாக்கியங்களை டைப் அடித்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். பெரும்பாலும் 160-க்குள் அடங்கின. அது போதுமா என்று பார்க்க அவருடைய குழு எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று அஞ்சலட்டை. பெரும்பாலான கார்டுகளில் 150 எழுத்துக்கும் குறைவாகவே எழுதியிருந்தார்களாம். அந்த அளவில் 1992 டிசம்பர் 3-ந் தேதி இங்கிலாந்தில் முதல் எஸ்.எம்.எஸ். போனது. அதாவது, கார்டில் எழுதுகிற அளவு போதும் என்று கண்டுதான் எஸ்.எம்.எஸ்ஸையே அமைத்தார்கள்.

நம் நாட்டில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ந் தேதி நடந்தது. ஆரம்பத்தில் வருகிற காலுக்கும் காசு. ஆகவே மிஸ்டு கால் கொடுப்பதும், எஸ்.எம்.எஸ்ஸில் எழுத்தை விழுங்கி அனுப்புவதும் பழக்கமாயிற்று. தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனியாக எண்ணப்படும். அதனால்தான் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கும் வழக்கம் வந்தது. காசு மிச்சம் பிடிக்க வந்த பழக்கம் அது, அதில் தப்பில்லை. இப்போது எழுத்துக்குக் காசு இல்லை. ஒரு பக்கம் எழுதினாலும் ஒன்றுதான், ஒரு வார்த்தை எழுதினாலும் ஒன்றுதான். காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

இன்று நடப்பது

காலையில் கடை திறந்ததும் போனைப் பார்த்தால், தெரியாத நம்பரில் இருந்து 'ரேட்' என்று ஒரு வார்த்தை வந்திருக்கும். எந்தச் சரக்கு, எந்த ஊர், யார் என்று ஒன்றும் இருக்காது. ஆவியூரில் இருந்து கேட்கிறவருக்கும் அருப்புக்கோட்டையில் இருந்து கேட்கிறவருக்கும் வண்டி வாடகை வேறு. உளுந்து என்றால் நாட்டு உளுந்தா, பர்மா உளுந்தா? யார் என்று தெரியாமல் என்ன விலை சொல்வது?

அடுத்தது நீல டிக். செய்தி படிக்கப்பட்டதை நீலக் குறியாகக் காட்டும் வசதியை வாட்ஸ்அப் 2014-ல் கொண்டுவந்தது. அன்றிலிருந்து, 'படித்துவிட்டார், பதில் இல்லை, அப்படியென்றால் சம்மதம்' என்று எடுத்துக்கொள்பவர் ஒரு பக்கம். 'படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாரே, அலட்சியம்' என்று கோபப்படுபவர் இன்னொரு பக்கம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பத்துப் பேருக்குச் சரக்குக் கட்டிக்கொண்டே போனைப் பார்த்திருப்பார். நீலக் குறி என்பது கண் பட்டது என்பதற்குத்தான் அடையாளம். 'கடிதம் கிடைத்தது, விபரம் அறிந்தோம்' என்ற வரிக்கு அது ஈடாகாது.

பேசி அனுப்புவது இன்னொரு தொந்தரவு. மூன்று நிமிஷம் பேசி அனுப்புவார்கள். நடுவில் லாரி ஹாரன் சத்தம், பக்கத்தில் யாரோ பேசுகிற சத்தம். அதற்குள் 'வத்தல் ரெண்டு, மல்லி ஒண்ணு, போன தடவை குடுத்த சீனி வேண்டாம்' என்பது எங்கோ இருக்கும். கூட்டமான நேரத்தில் கேட்பவன் இரண்டைப் பத்தாகக் கேட்டால் யார் பொறுப்பு? எழுதப் படிக்கக் கஷ்டப்படுகிற வயதானவர்களுக்குப் பேசி அனுப்புவது பெரிய உதவி, அதை நான் குறை சொல்லவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் சோம்பலுக்காகப் பேசி அனுப்புவதைத்தான் சொல்கிறேன்.

குரூப்பில் இரங்கல் செய்தி போடுகிறார்கள். நம்மில் ஒருவர் காலமானார், அடக்கம் மாலை நாலு மணிக்கு என்று வந்த அடுத்த நிமிஷமே அதன் கீழ் பாமாயில் டின் விலை வந்து விழுகிறது. போட்டவருக்குக் கெட்ட எண்ணம் இராது, மேலே என்ன வந்தது என்று பார்க்காமல் போட்டிருப்பார். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை அதைப் பார்ப்பானே! கதவை அடைத்துவிட்டு நேரில் போய் நின்று வந்த வியாபாரிகள் நாம். ஒரு மணி நேரம் விலைப் பட்டியலை நிறுத்தி வைக்கக் கூடாதா?

பாக்கியைப் பந்தியில் வைப்பது

எல்லாவற்றிலும் கொடுமையானது இதுதான். சில வருஷங்களுக்கு முன் நம் பக்கத்தில் ஒரு மொத்தக் கடையில் பாக்கிக்காரர் பட்டியலைக் குரூப்பிலேயே போட்டுவிட்டார்கள். நூறு பேருக்கு மேல் உள்ள குரூப். அதில் ஒருவர் கிராமத்தில் சிறிய மளிகைக் கடை வைத்திருப்பவர். மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நேரம், அதனால் இரண்டு வாரம் தவணை தவறியிருந்தது. தொகை பதினாலாயிரம். மறுநாள் காலை நகையை அடகு வைத்து, பணத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, ரசீது வாங்கிக்கொண்டு போனார். சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அதன் பிறகு அந்தக் கடைப் பக்கம் அவர் வரவில்லை. பன்னிரண்டு வருஷ வாடிக்கை. அவரோடு அந்த ஊரில் இன்னும் இரண்டு கடைகளும் விலகிப் போயின. வசூலானது பதினாலாயிரம், போனது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய காலத்தில் கார்டில்கூட எழுதாத விஷயத்தை இன்று நூறு பேர் நடுவில் எழுதுகிறோம். நம் தொழிலில் கடன் கொடுக்காமல் முடியாது, கேட்காமலும் முடியாது. ஆனால் கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது.

கட்டைவிரலின் விலை

படிக்கும்போதே கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவது இன்று சாதாரணமாகிவிட்டது. அது 'பார்த்தேன்' என்றா, 'சம்மதம்' என்றா? கனடாவில் இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போயிற்று. சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு தானியக் கம்பெனி 2021 மார்ச்சில் ஒரு விவசாயியிடம் சுமார் 87 டன் ஆளி விதை வாங்கப் பேசியது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, உறுதி செய்யும்படி கேட்டார்கள். விவசாயி கட்டைவிரல் படத்தை அனுப்பினார். விலை புஷல் ஒன்றுக்கு 17 டாலர், நவம்பரில் சரக்கு தர வேண்டும். நவம்பரில் விலை 41 டாலர் ஆகிவிட்டது. சரக்கு வரவில்லை. 'ஒப்பந்தம் கிடைத்தது என்பதற்குத்தான் கட்டைவிரல் காட்டினேன், சம்மதம் என்று அல்ல' என்பது விவசாயியின் வாதம். ஆனால் முந்தைய வருஷங்களில் இப்படி ஒரே வார்த்தையில் பதில் அனுப்பிச் சரக்கும் கொடுத்திருந்தார். அதைப் பார்த்து 2023-ல் கோர்ட் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 82 ஆயிரம் கனடா டாலருக்கு மேல் நஷ்டஈடு. 2024-ல் அப்பீலிலும் அதே முடிவுதான்.

அது கனடா, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்னணு முறையில் ஏற்பட்டது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. பாக்ஸைட் கப்பல் சரக்கு பற்றிய வழக்கில், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் ஈ-மெயிலில் நடந்த பேச்சே ஒப்பந்தமாகும் என்று நம் சுப்ரீம் கோர்ட் 2010-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்திலும் மின்னணுப் பதிவு சாட்சியமாக ஏற்கப்படுகிறது. அதற்குரிய சான்றிதழ் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே போனில் தட்டுவது விளையாட்டு அல்ல.

இதில் இன்னொரு சிக்கல், அனுப்பியதை அழிக்கவும் திருத்தவும் வசதி வந்திருப்பது. அழிக்கும் வசதி 2017-லும், 15 நிமிஷத்துக்குள் திருத்தும் வசதி 2023-லும் வந்தன. எழுத்துப் பிழையைத் திருத்தலாம். விலை ஏறியதும் பழைய செய்தியை அழித்துவிட்டு 'நான் சொல்லவே இல்லையே' என்பது நாணயம் ஆகாது. மசி தடவி அழித்த பேரேட்டை யாராவது நம்புவார்களா?

மரியாதை இருந்தால் மோசடி தெரியும்

ஒழுங்காக எழுதும் பழக்கத்தில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. 'எங்கள் பாங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் போடவும்' என்று பழைய வியாபாரியின் பெயரில் செய்தி அனுப்பி ஏமாற்றுவது இப்போது பல ஊர்களில் நடக்கிறது. எப்போதும் 'அண்ணாச்சி, வணக்கம்' என்று தொடங்கிக் கடைப் பெயரும் பில் நம்பரும் போட்டு எழுதுகிறவரிடம் இருந்து மொட்டையாக ஒரு வரி வந்தால், நமக்கே சந்தேகம் வரும். எல்லோருமே மொட்டையாக எழுதினால் திருடன் எழுதியதும் வியாபாரி எழுதியதும் ஒன்றுபோல்தான் இருக்கும். சிவகாசிப் பட்டாசு விற்பதாகத் தீபாவளி சமயத்தில் வரும் போலி விளம்பரங்களும் இப்படித்தான். பட்டாசை ஆன்லைனில் விற்கக்கூடாது என்று 2018-லேயே சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது என்பதை நம் வாடிக்கையாளர்களுக்கும் சொல்லுங்கள்.

பணம் அனுப்பியதாகப் படம் வந்தால் அதுவே வரவு ஆகிவிடாது. நம் பாங்க் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே வரவு வைக்க வேண்டும். ஏமாந்துவிட்டால் கொஞ்சமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும்.

இளைஞர்களை மட்டும் குறை சொல்லலாமா?

பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. காலையில் பூப் படமும் சாமிப் படமும் இருபது பேருக்கு அனுப்புவது பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள்தான். அந்தக் குவியலுக்குள் விலைப் பட்டியல் புதைந்துபோகிறது. ராத்திரி பதினோரு மணிக்குப் பாக்கி கேட்பதும், லோடு இறக்குகிற நேரத்தில் மூன்று தடவை போன் அடிப்பதும் மொத்தக் கடைகளில் இருந்துதான் போகின்றன. மல்லாங்கிணற்றிலோ முடுக்கன்குளத்திலோ ஒரு பையன் அப்பாவுக்குப் பிறகு கடையை ஏற்று, போனிலேயே கணக்கு வைத்து, ஒரு நாள் தவறாமல் பணம் அனுப்புகிறான். அவனுக்குக் கார்டு எழுதிப் பழக்கவில்லை, கணக்கப்பிள்ளை பக்கத்தில் உட்காரவும் வாய்க்கவில்லை. சொல்லிக் கொடுத்தால் அவன் நம்மைவிட நன்றாகச் செய்வான். சாம்பிள் சரக்கைப் போட்டோ எடுத்து அனுப்புவது, எல்.ஆரைப் படம் பிடித்து அனுப்புவது எல்லாம் அவர்களிடம் இருந்து நாம் கற்றுக்கொண்டதுதானே?

கடைப்பிடிக்க வேண்டியவை

நம் சங்க அன்பர்கள் கீழ்க்கண்டவற்றை இன்றிலிருந்தே தொடங்கலாம்.

1. முதல் வரியில் வணக்கமும், கடைசி வரியில் கடைப் பெயரும் ஊரும் இருக்கட்டும். நம்பர் பதிந்திருந்தாலும் போடுங்கள். போன் மாறினால் நம்பரும் பெயரும் போய்விடும்.

2. சரக்கு, ரகம், மூட்டை எத்தனை கிலோ, எத்தனை மூட்டை, விலை, என்றைக்கு வேண்டும், பணம் என்றைக்கு என்ற ஏழும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும்.

3. ஆர்டர் எடுப்பவர் அதைத் திருப்பி எழுதி 'சம்மதம்' என்று சொல்ல வேண்டும். கட்டைவிரல் வேண்டாம். உடனே முடியாவிட்டால் 'பார்த்தேன், மாலைக்குள் சொல்கிறேன்' என்று ஒரு வரி போதும்.

4. விலை சொல்லும்போது எத்தனை மணி வரை அந்த விலை என்பதையும் சொல்லிவிடுங்கள். மாறினால் புதிய செய்தி போடுங்கள், பழையதை அழிக்க வேண்டாம்.

5. பாக்கி கேட்பது தனிச் செய்தியில் மட்டும், கடை நேரத்தில் மட்டும். இரண்டு தடவை எழுதிப் பதில் இல்லையென்றால் போன் செய்யுங்கள் அல்லது நேரில் போங்கள். என்ன கஷ்டம் என்பது நேரில்தான் தெரியும்.

6. பாங்க் கணக்கு மாறினால் செய்தியோடு நிறுத்தாமல் போனிலும் சொல்ல வேண்டும். கேட்பவரும் பழைய நம்பருக்குப் பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

7. விலைக்கு ஒரு குரூப், நல்லது கெட்டதுக்கு ஒரு குரூப் என்று பிரித்துவிடுங்கள். துக்கச் செய்திக்குக் கீழே வியாபாரம் வேண்டாம்.

8. ஆர்டரை அன்றன்றைக்கு நோட்டில் ஏற்றுங்கள். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பது செல்போனுக்கும் பொருந்தும்.

மாதிரிக்கு ஒன்று: 'அண்ணாச்சி வணக்கம். நாட்டு உளுந்து 50 கிலோ மூட்டை 3, இன்று காலை சொன்ன விலைக்கு. நாளை மாலை வண்டியில் வேண்டும். பணம் வெள்ளிக்கிழமை. கடைப் பெயர், ஊர்.' இதை அடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. பதில்: 'வணக்கம் தம்பி. நாட்டு உளுந்து 3 மூட்டை, காலை விலைக்கே சம்மதம். நாளை மாலை வரும். பணம் வெள்ளி.' தகராறுக்கு இதில் இடமே இல்லை.

கார்டு போய்விட்டதே என்று வருத்தப்படுவதில் பலன் இல்லை. கார்டில் இருந்த ஒழுங்கைப் போனுக்குக் கொண்டுவர யாரும் தடை சொல்லவில்லை. பெரிய கடைகளும் ஆன்லைன் கம்பெனிகளும் நம் வாடிக்கையாளரை இழுக்கப் பார்க்கிற காலம் இது. அவர்களிடம் இருந்து வரும் செய்தியை மிஷின் எழுதுகிறது. நம்மிடம் இருந்து போவதை, பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒரு மனிதர் எழுதுகிறார். சிறு வியாபாரிக்கு மிச்சமிருக்கிற பலம் அதுதான். அதை ஒற்றை வார்த்தைக்கும் கட்டைவிரலுக்கும் விற்றுவிடாமல், நம் பிள்ளைகளுக்கும் பழக்கிவிடுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.